இடைவெளியைக் கண்ணால் அளக்காதே



மலைமேலுள்ள ஜமுனாமரத்தூருக்கும் அடிவாரத்துப் போளூருக்கும் காலை ஆறு மணியிலிருந்து வெப்பநிலை குறித்து நீ போட்டனுப்பிய கிராஃப் கிடைத்தது. கோடுகள் சுத்தமாக இருக்கின்றன. கீழே எழுதிய முடிவுதான் சரியில்லை. வெயில் ஏற ஏற மலைக்கும் அடிவாரத்துக்கும் உள்ள வித்தியாசம் குறைகிறது என்கிறாய். ஒன்பது மணிக்கு நேராகக் கட்டங்களை எண்ணிப் பார். ஆறு மணிக்கு இருந்த அதே இடைவெளிதான்.

இரண்டு கோடுகளும் சேர்ந்து செங்குத்தாக ஏறுகிற இடத்தில் கண் மேலிருந்து கீழாக அளப்பதில்லை. ஒரு கோட்டிலிருந்து மற்றதற்குக் குறுக்கே, எது கிட்டமோ அந்தத் தூரத்தை எடுத்துக்கொள்கிறது. 60 பாகை சாய்வில் இணையாக ஏறும் கோடுகளுக்கு நடுவே மேலும் கீழுமாக 4 செ.மீ. இருந்தால், குறுக்குத் தூரம் 2 செ.மீ.தான். சரிபாதி!

"கிராஃபைப் பார்த்தாலே புரிந்துவிடும்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. பார்ப்பது வேறு, படிப்பது வேறு.

கோட்டு வரைபடத்தை வணிகக் கணக்குக்குக் கொண்டுவந்த வில்லியம் பிளேஃபேரின் படமே இதற்குச் சாட்சி. 1786-இல் அவர் வெளியிட்ட நூலில், கிழக்கிந்திய நாடுகளோடு இங்கிலாந்து நடத்திய வணிகத்துக்கு ஒரு படம் உண்டு. ஏற்றுமதிக்கு ஒரு கோடு, இறக்குமதிக்கு ஒரு கோடு. நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கும் படம் அது. 1760-ஐ அடுத்து இரண்டும் விறுவிறுவென்று ஏறுகின்றன. நடுவிலுள்ள வித்தியாசம் பெரிதாக மாறியதாகத் தெரியாது. கிளீவ்லண்ட், மெக்கில் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1984-இல் அந்த வித்தியாசத்தை மட்டும் தனிக் கோடாகப் போட்டார்கள். அங்கே ஒரு பெரிய முகடு எழுந்து இறங்குவது தெரிந்தது. 1760 ஜனவரியில்தான் உன் மாவட்டத்து வந்தவாசியில் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரர்களை வென்றார்கள். அந்தக் காலத்து வணிகத்தை ஆராய்கிறவன் கண்ணை மட்டும் நம்பினால் அந்த முகட்டையே தவறவிட்டிருப்பான்.

ஆகவே, வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் வித்தியாசத்தையே வரை. மணிக்கு மணி போளூர் அளவிலிருந்து ஜமுனாமரத்தூர் அளவைக் கழித்து, அதே தாளில் மூன்றாவது கோடு போடு. முடிவை அதைப் பார்த்து எழுதி, மறுபடி எனக்கு அனுப்பு.