ஒவ்வொரு பேறும் புதிய பேறே

"தலைச்சனுக்குத்தான் கஷ்டம். பிறகு பிள்ளை தானாகப் பிறக்கும்" என்று நமது ஊர்களில் சொல்வார்கள். இதில் பாதி உண்மை உண்டு. மறுபாதியையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

ஒரு தாயை நினைத்துப் பார்ப்போம். மூத்த பிள்ளை 1993இல் சொந்த ஊரில் பிறந்தது. விடியற்புறம் தொடங்கிய நோ இரவு வரை நீடித்தது. ஆஸ்பத்திரியில் இருந்ததால் அந்தரப்படவில்லை. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது இரண்டாவது பிள்ளை வயிற்றில். தென்மராட்சியில் உறவினர் வீட்டில் நோக் கண்டு, நாலு மணித்தியாலத்தில் பெற்றாள். 1998இல் வன்னியில் மூன்றாவது பேறு. "போனமுறை சுகமாகத்தானே பெற்றேன்" என்று கொட்டிலிலேயே இருந்துவிட்டாள். பிள்ளை பிறந்தது. இரத்தம் நிற்கவில்லை. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த்தான் காப்பாற்றினார்கள்.

ஒரே தாய்க்கு ஏன் மூன்று விதம்?

முதற்பேற்றில் கருப்பைவாய் முதன்முறையாக விரிகிறது. ஆகவே நேரம் எடுக்கும். அடுத்த பேறுகளில் அது விரைவாக விரியும். எனவே, நோ கண்டதும் முன்னரிலும் வேகமாகப் புறப்பட வேண்டும்.

நஞ்சுக்கொடி கழன்றதும் கருப்பை இறுகி, அந்த இடத்து இரத்தக்குழாய்களை மூடுகிறது. பல பிள்ளை பெற்ற கருப்பை சிலவேளை இறுகாது. அரை லீற்றருக்கு மேல் இரத்தம் போனால் ஆபத்து. இரத்தச்சோகை உள்ள தாய் அதற்குக் குறைந்த இழப்பையும் தாங்கமாட்டாள். முன்பு சத்திரசிகிச்சை செய்து பிள்ளை எடுத்திருந்தால், பழைய தழும்பு பிரியக்கூடும். அத்தாய் ஆஸ்பத்திரியிலேயே பெற வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை:

1. முந்திய பேறுகளில் நடந்ததை ஒளிக்காமல் குடும்பநல மாதுவிடம் சொல்வோம்.

2. காணி உறுதி, குடும்ப அட்டையுடன் கிளினிக் அட்டையையும் ஒரே பையில் வைப்போம். எங்கே இடம்பெயர்ந்தாலும் அது கூட வரட்டும்.

3. கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசையைத் தேநீருடன் விழுங்காமல் தண்ணீருடன் எடுப்போம். தேநீர் அச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும்.

4. எட்டாம் மாதத்திலேயே வாகனம், துணைக்கு வருபவர், மற்றப் பிள்ளைகளைப் பார்ப்பவர் யார் எனப் பேசி முடிப்போம்.

5. இரத்தம் படுதல், கடும் தலையிடி, கண் மங்கல், வலிப்பு, பன்னீர்க்குடம் உடைதல், பிள்ளையின் துடிப்புக் குறைதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் விடியும்வரை காத்திராமல் புறப்படுவோம்.

6. பிள்ளை பிறந்து இரண்டு வருடமாவது கழித்தே அடுத்ததைத் தரிப்பது தாயின் உடல் தேற உதவும்.

வயலில் போன போகம் நன்றாக விளைந்தது என்பதற்காக இந்தப் போகம் வரம்பு கட்டாமல் விடுகிறோமா? பிள்ளைப்பேறும் அப்படித்தான்.

கூடிப் பேசுவோம்:
- நமது குடியிருப்பில் இப்போது கர்ப்பிணிகள் எத்தனை பேர்?
- இரவில் நோ கண்டால் யாருடைய வாகனம் வரும்?