புண் ஆறாதபோது கேட்க வேண்டியது

அன்புள்ள இளம் மருத்துவருக்கு,

ஓ.பி.யில் உட்கார்ந்த சில மாதங்களிலேயே இப்படி ஒருவர் உங்களிடம் வந்திருப்பார். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, சீழ் இல்லை, ரத்த ஓட்டத்திலும் குறையில்லை. ஆனாலும் சின்னப் புண் ஆற மாட்டேன் என்கிறது. ஆன்டிபயாடிக்கை மாற்றி எழுதும் முன் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்.

உளவியலாளர் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசரும், நோயெதிர்ப்பு ஆய்வாளரான அவர் கணவர் ரொனால்ட் கிளேசரும் குழுவினரோடு சேர்ந்து 1995-இல் வெளியிட்டது அது. மறதி நோய் கண்ட உறவினரைப் பராமரித்துவந்த 13 பெண்கள் ஒரு பக்கம். அதே வயதும் வருமானமும் கொண்ட, அந்தச் சுமை இல்லாத 13 பெண்கள் இன்னொரு பக்கம். எல்லோர் முன்கையிலும் 3.5 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தோல் வட்டமாக வெட்டி எடுக்கப்பட்டது. பிறகு புண்ணைப் படம் பிடித்தார்கள், ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டுப் பார்த்தார்கள். நுரைத்தால் இன்னும் ஆறவில்லை, நுரைக்காவிட்டால் ஆறிவிட்டது. சுமை இல்லாதவர்களுக்குச் சராசரியாக 39 நாளில் ஆறியது. பராமரித்தவர்களுக்கு ஏறக்குறைய 49 நாள் பிடித்தது.

மூன்று வருடம் கழித்துப் பல் மருத்துவ மாணவர்கள் 11 பேரின் மேலண்ணத்தில் அதே அளவுப் புண். கோடை விடுமுறையில் ஒன்று, தேர்வுக்கு மூன்று நாள் முன்பு ஒன்று. தேர்வு நேரத்துப் புண் ஆற 40 சதவீதம் கூடுதல் நாள் எடுத்தது. விடுமுறை வேகத்தில் ஆறியவர் ஒருவர்கூட இல்லை.

இதைப் படித்துவிட்டு, 'கவலையால் எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டது' என்று நோயாளியிடம் சொல்லத் தோன்றும். அது பாதி உண்மைதான். புண் ஆறுவதற்குத் தொடக்கத்தில் கொஞ்சம் அழற்சி தேவை; பராமரித்த பெண்களிடம் அந்தத் தொடக்கச் சமிக்ஞைதான் மந்தமாக இருந்தது. மன அழுத்தம் மாதக்கணக்கில் நீளும்போது வேறொன்றும் நடக்கிறது. அழற்சிக்குத் தடை போடுவது கார்டிசால். அதன் சொல்லை நோயெதிர்ப்பு செல்கள் கேட்காமல் போய்விடுகின்றன. தேவையான இடத்தில் அழற்சி எழுவதில்லை, தேவையற்ற இடத்தில் அடங்குவதில்லை. அழுத்தம் எவ்வளவு காலம் நீள்கிறது என்பதே முக்கியம் என்பதை இன்னொரு ஆய்வும் காட்டுகிறது. உளவியலாளர் ஷெல்டன் கோஹன் 276 பேரின் மூக்கில் சளி வைரஸை விட்டுத் தனிமையில் வைத்துக் கவனித்தார். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்த வேலையின்மையோ உறவுச் சிக்கலோ இருந்தவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு கூடியிருந்தது. சில நாள் அதிர்ச்சிக்கு அந்த விளைவு இல்லை. ஆகவே 'என்ன பிரச்சினை' என்று கேட்டு நிறுத்தாமல், 'எத்தனை மாதமாக' என்றும் கேளுங்கள்.

மனிதர்களின் உணவும் தூக்கமும் வேறுபடுமே என்ற நியாயமான சந்தேகத்துக்கு 2016-இல் ரீசஸ் குரங்குகள் விடை தந்தன. முன்பின் அறியாத 45 பெண் குரங்குகளை ஐந்தைந்து கொண்ட குழுக்களாக, ஒவ்வொன்றாகக் கூண்டில் விட்டார்கள். முதலில் வந்தது பெரும்பாலும் குழுவின் வரிசையில் மேலே ஏறியது. கடைசியில் வந்தது அடியும் விரட்டலும் பட்டது, பேன் பார்த்துவிடும் தோழமையும் அதற்குக் குறைவு. அடிமட்டக் குரங்குகளின் ரத்த செல்கள் பாக்டீரியா நச்சைக் கண்டதும் கூடுதல் அழற்சியோடு சீறின. குழுக்களைக் கலைத்து வரிசையை மாற்றியதும் செல்களின் போக்கும் மாறியது. சேதம் நிரந்தரமாக இருக்க வேண்டியதில்லை என்பதைவிட நல்ல செய்தி மருத்துவருக்கு வேறென்ன வேண்டும்!

அழற்சிச் சமிக்ஞைகள் மூளையையும் எட்டுகின்றன. காய்ச்சல்காரர் போர்த்திக்கொண்டு படுப்பதுபோல, காய்ச்சலே இல்லாமல் சோர்வு, பசியின்மை, யாரோடும் பேசப் பிடிக்காமை எல்லாம் வந்துசேரும். வீட்டில் இதைச் சோம்பல் என்பார்கள். ஏச்சு கூடும், அழுத்தமும் கூடும். அந்த ஏச்சை நீங்களும் தொடராதீர்கள். 'டென்ஷன் ஆகாதீங்கம்மா' என்பதும் பழியை அவர்மேலேயே போடுவதுதான்.

சர்க்கரை, ரத்தசோகை, தொற்று, ரத்த ஓட்டம் எல்லாவற்றையும் முதலில் பாருங்கள். பழியை மனத்தின்மேல் போட்டுவிட்டு எந்தப் பரிசோதனையையும் தவிர்க்கக் கூடாது. அதோடு, நோயாளி வீட்டில் யாரைப் பார்த்துக்கொள்கிறார், இரவில் எத்தனை முறை எழுகிறார் என்று கேஸ் ஷீட்டில் இரண்டு வரி எழுதுங்கள். கணவரோ மைத்துனரோ கூட வந்து வெளியே நின்றால் உள்ளே கூப்பிடுங்கள். வாரத்தில் எந்த இரவுகளை அவர்களால் ஏற்க முடியும் என்று அங்கேயே பேசி முடித்து, மருந்துச் சீட்டில் மாத்திரைக்குக் கீழே அதையும் எழுதிக் கொடுங்கள்.