மூன்று நொடி காத்திருந்தேன்

ஐந்தாம் வகுப்பில் கணக்குப் பாடம். "கால் கிலோ மல்லிகை 150 ரூபாய். ஒரு கிலோ எவ்வளவு?" என்று கேட்டேன். நிலக்கோட்டைச் சந்தைக்குப் பூ அனுப்பும் வீட்டுப் பிள்ளைகள்தான். ஆனாலும் வழக்கமான மூன்று பேரே பதில் சொன்னார்கள். மற்றவர்களுக்குக் கணக்கு வரவில்லை என்றே நினைத்திருந்தேன்.

எங்கள் ஆசிரியர் பயிற்றுநர் பல பள்ளிகளைப் பார்ப்பவர். அடிக்கடி வர இயலாது. எனவே தலைமையாசிரியரின் அனுமதியுடன், பாடத்தின் எட்டு நிமிடத்தைக் கைபேசியில் ஒலிப்பதிவு செய்து அனுப்பினேன். மாலையில் அழைத்தார். குறை எதுவும் சொல்லவில்லை. "டீச்சர், கேள்வி கேட்டுட்டு எத்தனை நொடி காத்திருக்கீங்கன்னு நீங்களே எண்ணிப் பாருங்க" என்றார்.

எண்ணினேன். ஒரு நொடிகூட இல்லை. பன்னிரண்டு கேள்விகளில் ஏழுக்கு நானே விடை சொல்லியிருந்தேன்.

அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் இதைத்தான் எடுத்துக்காட்டினார். ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள்; அதை மூன்று நொடிக்கு நீட்டினால் விடைகள் விரிவாகும், பதில் சொல்லாதவர்கள் குறைவார்கள் என்றார்.

மறுவாரம் அந்த ஒன்றை மட்டும் மாற்றினேன். மனதுக்குள் எண்ணிக் காத்திருந்தேன். அந்த அமைதி எனக்குத்தான் கடினமாக இருந்தது. கடைசி வரிசையில் பேசாமலே இருக்கும் மாணவி, "அரைக் கிலோ 300, அப்போ ஒரு கிலோ 600 டீச்சர்" என்றாள். இரண்டு முறை இரட்டித்தே கண்டுபிடித்துவிட்டாள்.

ஆனால் கைபேசிக்கும் எல்லை உண்டு. அடுத்த மாதம் பயிற்றுநர் நேரில் வந்து அவளுடைய நோட்டைத் திறந்தார். வாயால் சொல்லும் கணக்கை அவளால் எழுத முடியவில்லை. கரும்பலகையைப் பார்த்தே எழுதி வந்திருக்கிறாள். ஒலிப்பதிவில் இது கேட்காது.

தென்னாப்பிரிக்காவின் ம்புமலாங்கா மாகாணத்தில் 180 தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, நேரடி வழிகாட்டலையும் தொலைவழி வழிகாட்டலையும் ஒப்பிட்டார்கள். மூன்றாண்டு முடிவில் பிள்ளைகளின் ஆங்கில வாசிப்பை உயர்த்தியது நேரடி வழிகாட்டல்தான். தொலைபேசி துணைதான், வருகைக்கு மாற்று அல்ல.

நீங்களும் முயலலாம்:

• பத்து நிமிடத்துக்குள் பதிவு செய்யுங்கள். முதலில் நீங்களே கேளுங்கள்.
• ஒரு முறைக்கு ஒரு மாற்றம் போதும்.
• நான்கைந்து நோட்டுகளின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.
• பேசி முடித்ததும் பதிவை அழித்துவிடுங்கள்.

அந்த மாணவிக்கு இப்போது எழுத்துக் கணக்கு தொடங்கியிருக்கிறோம். எண்ணிக் காத்திருப்பதை நானும் விடவில்லை.