ஏலத்தோட்டத்தில் விழுந்த குழி

கேள்வி: நெடுங்கண்டம் பக்கம் எங்களுக்கு ஏலத்தோட்டம் இருக்கிறது. போன மழையில் வீட்டுக்குப் பின்னால் மண் உள்வாங்கி, ஓர் ஆள் ஆழத்துக்குக் குழி விழுந்தது. எட்டிப் பார்த்தால் மேட்டுப் பக்கம் குகை மாதிரிப் போகிறது. பாலக்காட்டில் மண்ணார்க்காடு மலையடியில் இருக்கும் என் மைத்துனரும் இப்படிக் கேள்விப்பட்டதாகச் சொல்கிறார். மூலமற்றம் மின்நிலையம், பொட்டிப்புரம் நியூட்ரினோ சுரங்கம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். குழியை மண் போட்டு மூடிவிடலாமா?
- வாசகர், இடுக்கி மாவட்டம்

பதில்: மூடாதீர்கள். மேலே மண்ணைக் கொட்டினால் குழி கண்ணுக்கு மறையும், அவ்வளவுதான். அடியில் ஓடும் தண்ணீர் நிற்காது. அடுத்த மழையில் வீட்டு அஸ்திவாரமே உட்காரலாம். குழிக்குள் யாரும் இறங்கவும் வேண்டாம். கூரை எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

முதலில் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். பொட்டிப்புரம் மலையில் திட்டமிட்ட நியூட்ரினோ சுரங்கம் தோண்டப்படவே இல்லை. மூலமற்றம் மின்நிலையம் மலைக்குள் கெட்டிப் பாறையைக் குடைந்து கட்டியது, 1976 முதல் இயங்குகிறது, உங்கள் ஊரிலிருந்து வெகு தொலைவு. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், உங்கள் தோட்டத்தைக் குடைந்தது மழைத்தண்ணீர்.

நம் மலைச்சரிவுகளில் மேல்மண் ஓரளவு கெட்டியாக இருக்கும். அதற்கும் அடிப்பாறைக்கும் நடுவே, பாறை மக்கிப்போன மெத்தென்ற களிமண் அடுக்கு கிடக்கிறது. எலிவளை, மக்கிய வேர்த்தடம், மண் வெடிப்பு வழியாக இறங்கும் நீர் இந்தக் களிமண்ணைத் துளித்துளியாகக் கரைத்துச் சரிவின் கீழே வெளியேற்றுகிறது. விரல் பருமனில் தொடங்கும் துளை, ஆண்டுக்கணக்கில் ஆள் நுழையும் குகையாகிறது. மேலே பச்சைப்பசேலென்று ஏலம் நிற்கும். ஒருநாள் கூரை தாங்காமல் விழும். அதைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். திருவனந்தபுரத்தில் உள்ள தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையம் கேரள மலை மாவட்டங்களில் இதை ஆராய்ந்திருக்கிறது. அரசு அலுவலகத்தில் ‘சாயில் பைப்பிங்’ என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். 2019 ஆகஸ்டில் வயநாட்டுப் புத்துமலை சரிந்தபோது, மண் பாதுகாப்புத் துறையினர் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று.

தரை இறங்கும் என்று தெரிந்தால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். உலகில் சில சுரங்கங்களில் தாதுவை வெடிவைத்து எடுத்து, மேல்பாறை தானாக நொறுங்கி விழும்படி விடுவார்கள். மேலே தரை இறங்கும் என்பது தோண்டுகிறவர்களுக்கு முன்பே தெரியும். சுவீடனின் கிருணா அப்படிப்பட்ட இரும்புச் சுரங்க ஊர். அங்கே தரை எவ்வளவு நகர்கிறது என்று ஓயாமல் அளக்கிறார்கள், அசைவு குறித்த எல்லையை எட்டும் முன்பே மக்களை வேறிடத்துக்கு மாற்றுகிறார்கள். 1912இல் கட்டிய மரத் தேவாலயத்தை 2025 ஆகஸ்டில் முழுதாகவே ஐந்து கிலோமீட்டர் நகர்த்தி வைத்தார்கள். தரை விழுந்த பிறகு ஓடுவதல்ல அவர்கள் வழக்கம். மலைமேல் வாழும் நம் ஜனங்களுக்கும் அந்த அளவீடு கிடைத்தாக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதுவரை நீங்களே செய்யக்கூடியது உண்டு. தரையில் வெடிப்பு இருந்தால் இருபுறமும் முளை அடித்து, இடைவெளியை வாரம் ஒருமுறை அளந்து தேதியோடு எழுதுங்கள், மழைக்காலத்தில் தினமும். சுவர் விரிசலின் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டைச் சிமெண்ட் வைத்து ஒட்டுங்கள். அது உடைந்தால் சுவர் நகர்கிறது என்று பொருள். குழியின் ஓரத்திலிருந்து சற்றுத் தள்ளி நின்று எடுத்த களிமண் கட்டியொன்றைத் தெளிந்த மழைநீர் நிரம்பிய கண்ணாடி டம்ளரில் அசைக்காமல் போட்டு வையுங்கள். கட்டியைச் சுற்றி நீர் கஞ்சித்தண்ணீர் போலக் கலங்கிப் பரவினால், எளிதில் கரையும் மண் அது. சரிவின் கீழே ஊற்று திடீரெனச் செம்மண் நிறத்தில் வந்தாலோ, எப்போதும் வரும் ஊற்று சட்டென நின்றாலோ அன்றிரவு அந்த வீட்டில் படுக்காதீர்கள்.

வைத்தியம் தண்ணீரில்தான் தொடங்க வேண்டும். மேட்டிலிருந்து வரும் மழைநீரைக் குழிக்கு மேலேயே மடக்கி, கசியாத வாய்க்காலில் ஓடைக்குக் கொண்டுபோய் விடுங்கள். அந்தச் சரிவில் மழைக்குழி, மீன்குளம், கூரைத்தண்ணீர் இறக்கும் குழி எதுவும் கூடாது. சமவெளியில் நல்லதாகிற மழைக்குழி, இங்கே குகைக்குத் தீனி. இயற்கை ஓடையை அடைத்து வரப்புப் போட்டிருந்தால் திறந்துவிடுங்கள். கீழே நீர் வெளியேறும் வாயை மட்டும் சிமெண்ட் வைத்து அடைத்துவிடாதீர்கள். உள்ளே அழுத்தம் ஏறிச் சரிவே பெயரக்கூடும். அந்த வாயில் மணல், அதன்மேல் சிறுகல், அதன்மேல் பெருங்கல் என்று அடுக்கினால் தண்ணீர் போகும், மண் தங்கும். சுண்ணாம்புத்தூள் கலந்து களிமண்ணை இறுக்கும் முறையும் இருக்கிறது. அது மண்ணைச் சோதித்த பிறகு அதிகாரிகள் முன்னிலையில் செய்ய வேண்டியது. குகை எதுவரை போகிறது என்பதை, தரையில் கம்பி ஊன்றி மின்தடையை அளந்து அவர்களால் கணிக்க முடியும்.

கேரள அரசு சாயில் பைப்பிங்கை மாநிலப் பேரிடர்களில் ஒன்றாக அறிவித்திருக்கிறது. அதனால் இது உங்கள் தனிப்பட்ட தலைவலி என்று ஒதுங்கிவிடாதீர்கள். வில்லேஜ் ஆபீசில் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள், மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077க்கு இன்றே பேசுங்கள். ஆய்வு முடியும்வரை, கனமழை நாட்களில் பிள்ளைகளோடு உறவினர் வீட்டில் தங்குங்கள்.