காரின் நிறத்தை மானிட்டரில் தேடலாமா?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எந்த வேலையாக இருந்தாலும் அதில் செய்து பார்க்கலாமே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதனால் ஒரு ஸ்ப்ரே கேன் பெயின்ட்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமையும், கொஞ்சம் மானமும் போயின. நான் செய்த தவறையும் பின்னர் கண்டுபிடித்த வழியையும் இங்கே தருகிறேன்.

எங்கள் வீடு மயிலாப்பூரில். அப்பா ஓய்வு பெற்றபோது வாங்கிய வெள்ளி நிறக் கார் எங்களிடம் உண்டு. லஸ் முனை நெரிசலில் ஒரு வண்டி உரசியதில் பக்கக் கண்ணாடியின் பிளாஸ்டிக் கூடு உடைந்தது. தங்கை திருமணத்திற்கு மூன்று வாரம்தான் இருந்தது. மாப்பிள்ளையையும் பெண்ணையும் இந்தக் காரில்தான் அழைத்து வர வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. ஜி.பி. ரோடில் புதிய கூடு கிடைத்தது. ஆனால் கறுப்பு நிறத்தில். "நானே பெயின்ட் அடித்து விடுகிறேன். கம்ப்யூட்டர் இருக்கிறதே, நிறத்தை அதில் எடுத்து விடலாம்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

நான் செய்த தவறு

கார் கதவைப் போட்டோ எடுத்து, அதைப் பெயின்ட் புரோகிராமில் திறந்து, பிரிண்டரில் அச்சடித்து, பெயின்ட் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் டியூப் லைட் வெளிச்சத்தில் அச்சுத்தாளைப் பார்த்துக் கலந்து தந்தார். அங்கே பொருத்தமாகத்தான் இருந்தது. மொட்டை மாடியில் அடித்துக் காயவைத்து, காரில் மாட்டி, வெயிலில் பார்த்தால் நீலம் கலந்த வெள்ளி! அப்பா கோபப்படவில்லை. "ஒட்டுப் போட்டது தெரியுதேடா" என்றார். அதுதான் உறுத்தியது.

அடையாறில் ஒரு பெயின்டரிடம் காட்டினேன். "சார், கம்ப்யூட்டர்ல நீங்க பாக்கறது வெளிச்சம். இது பவுடர். ரெண்டும் எப்படி சார் ஒண்ணாகும்?" என்றார். சரியான பாடம்.

ஏன் பொருந்தவில்லை?

மானிட்டரில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளால் ஆனது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை 256 அளவுகள். பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள். மூன்றும் 255 என்றால் வெள்ளை, மூன்றும் 0 என்றால் கறுப்பு. சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் சேர்ந்தால் மஞ்சள் தெரியும். பெயின்ட்டில் சிவப்பையும் பச்சையையும் கலந்தால் மஞ்சள் வராது, அழுக்குப் பழுப்புதான் வரும். பெயின்ட் ஒளியைத் தருவதில்லை. தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது.

அடுத்தது கேமரா. வெயில், நிழல், டியூப் லைட் என்று இடத்துக்கு ஏற்ப அது நிறத்தைத் தானாகவே மாற்றிக்கொள்ளும். பிரிண்டர் தன் மையைக் கொண்டு இன்னொரு மாற்றம் செய்யும். டியூப் லைட்டில் ஒன்றுபோலத் தெரியும் இரு நிறங்கள் வெயிலில் வேறுபடலாம். தி.நகர் ஜவுளிக் கடைகளில் அம்மாக்கள் பிளவுஸ் துணியைக் கடை வாசலுக்கு எடுத்து வந்து பார்ப்பது இதனால்தான். வெள்ளி நிறத்தில் இன்னொரு சிக்கல்: அதில் மிக நுண்ணிய அலுமினியத் துகள்கள் இருப்பதால், பார்க்கும் கோணம் மாறினால் வெளுப்பும் மாறும்.

முதலில் கலர் கோடு

நிறத்தைத் தேட வேண்டிய இடம் கார்தான். பானட்டின் கீழோ, கதவுச் சட்டத்திலோ உள்ள தகட்டில் கலர் கோடு இருக்கும். அதைக் கொடுத்தால் கடையில் உள்ள கம்ப்யூட்டர் கலவை அளவைச் சொல்லும். சில கடைகளில் காரின் மேல் வைத்து அளக்கும் கருவியும் உண்டு. திரும்பி வரும் ஒளியை அது அலைநீளம் வாரியாக அளக்கும். பல வருடம் வெயிலில் நின்று வெளுத்த காருக்கு இந்த முறை நல்லது.

வீட்டுக் கம்ப்யூட்டர் எங்கே உதவும்?

நிறத்தைக் கண்டுபிடிக்க உதவாது. இரண்டு நிறங்களை ஒப்பிட உதவும். முறை இதுதான்:

1. வாங்கிய பெயின்ட்டை ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையில் அடிக்கவும். மேலே கிளியர் கோட்டும் அடிக்கவும். கிளியர் கோட் விழுந்த பிறகுதான் உண்மை நிறம் தெரியும்.

2. நன்கு காய்ந்ததும், பகல் நேரத்து நிழலில், காரைக் கழுவித் துடைத்து, கண்ணாடிக்கு அருகில் அட்டையை ஒட்டவும். பிளாஷ் இல்லாமல், காரும் அட்டையும் ஒரே படத்தில் வருமாறு எடுக்கவும். நேராக ஒன்று, இடப்புறமிருந்து ஒன்று, வலப்புறமிருந்து ஒன்று.

3. படங்களைக் கம்ப்யூட்டரில் ஒரு தனி போல்டரில் காப்பி செய்திடவும். மூலப் படத்தைத் தொடாமல் காப்பியில் வேலை செய்திடவும். ஜேபெக் படத்தைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் தரம் குறையும்.

4. ஸ்டார்ட் மெனுவில் பெயின்ட் புரோகிராமைத் திறந்து படத்தைக் கொண்டு வரவும். சொட்டு மருந்துக் குழாய் போன்ற ஐகானில் கிளிக் செய்து, பின் படத்தில் கார் மீது கிளிக் செய்திடவும். எடிட் கலர்ஸ் பிரிவைத் திறந்தால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் எண்கள் தெரியும்.

5. காரில் ஐந்து இடம், அட்டையில் ஐந்து இடம் எடுத்து எழுதி, சராசரி பார்க்கவும்.

இந்த எண்களைத் தனியாக நம்பக் கூடாது. ஆனால் ஒரே படத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுத்தவை என்பதால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பலாம். என் பழைய பெயின்ட்டைச் சோதித்தபோது காருக்கு 168, 170, 172 என்றும், அட்டைக்கு 158, 165, 180 என்றும் வந்தது. நீலம் கூடுதல், சிவப்பு குறைவு என்பது பளிச்சென்று தெரிந்தது. கலர் கோடு சொல்லி வாங்கிய பெயின்ட்டில் வித்தியாசம் இரண்டு, மூன்று எண்களுக்குள் வந்தது. மூன்று கோணங்களிலும் இதே நிலைதான்.

பூசும்போது

கூட்டைக் கழற்றி, சோப்பு நீரில் கழுவி, 600 நம்பர் எமரி பேப்பரால் தண்ணீர் விட்டு மெதுவாகத் தேய்க்கவும். கூட்டின் உட்புறத்தில் பிளாஸ்டிக் வகையை அச்சிட்டிருப்பார்கள். பிபி என்றிருந்தால் அதில் பெயின்ட் எளிதில் ஒட்டாது. பிளாஸ்டிக்குக்கென்று உள்ள ப்ரைமரை முதலில் அடிக்க வேண்டும். ஏபிஎஸ் என்றிருந்தால் தின்னரால் துடைக்காதீர்கள், பிளாஸ்டிக் இளகிவிடும். பிறகு நிறம், மெல்லிய பூச்சாக மூன்று முறை. கடைசியில் கிளியர் கோட்.

நம் ஊரில் காற்றில் ஈரம் அதிகம். ஈரத்தில் அடித்தால் கிளியர் கோட் வெண்மை பூக்கும். காலை பத்து மணிக்கு மேல், மழையில்லாத நாளில் அடிக்கவும். அருகில் அடுப்போ விளக்கோ இருக்கக் கூடாது. கம்ப்யூட்டர் உள்ள அறையில் அடிக்கவே வேண்டாம். ஹார்ட்னர் கலக்கும் இரு பகுதிக் கிளியர் கோட்டை வீட்டில் தொடாதீர்கள். அதிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டு வரக் கூடியது. சாதாரண முகக் கவசம் அதைத் தடுக்காது.

திருமணத்திற்கு நான்கு நாள் முன்பு கூட்டை மாட்டினேன். அப்பா காரை ஒரு சுற்று சுற்றி வந்து, "எந்தப் பக்கம்டா மாத்தினே?" என்று கேட்டார்.

கார் இல்லாதவர்கள் ஒரு புடவையையும் பிளவுஸ் துணியையும் ஒரே படத்தில் எடுத்து இந்தப் பயிற்சியைச் செய்து பார்க்கலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதில் எண்கள் என்ன சொல்கின்றன என்று பாருங்கள்.