உங்கட பெயர் எந்த இடாப்பில?

யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் ஆரைக் கண்டாலும் சலாம் சொன்ன கையோடு நான் கேட்பது ஒன்றுதான்: "வாக்காளர் இடாப்பில உங்கட பெயர் எங்க இருக்கு?" சிலர் இங்கே என்பார்கள். சிலர் இடம்பெயர்ந்து போயிருந்த புத்தளம் என்பார்கள். இரண்டு இடத்திலும் இல்லை என்ற பதில் வரும்போதுதான் மனம் கலங்கும். அதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இளம் பிள்ளைகள்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேர அவகாசம் கொடுத்து யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். வட மாகாணம் முழுவதிலுமிருந்து போனவர்கள் ஏறத்தாழ 75,000 பேர் என்பார்கள். வீடும் கடையும் போயின. ஆனால் வாக்கு போகவில்லை. 1994 பொதுத் தேர்தலில் யாழ் மாவட்டத்தில் முஸ்லிம் காங்கிரசுக்கு விழுந்தவை இரண்டாயிரம் சொச்சம் வாக்குகள். அதில் ஓர் ஆசனம் கிடைத்து, டொக்டர் இல்யாஸ் பாராளுமன்றம் போனார். குடாநாட்டு மக்கள் வாக்களிக்க முடியாமல் இருந்த காலம் அது, அதனால்தான் அத்தனை குறைந்த வாக்குக்கு ஆசனம் கிடைத்தது என்பது சரிதான். என்றாலும், ஊரை இழந்து நாலு வருஷமாகியும் அந்த மக்கள் புள்ளடி போடுவதை விடவில்லை. இன்றைக்கு ஊருக்குத் திரும்பி வந்து கூரை போட்ட வீட்டில் இருந்துகொண்டு, "எங்கட வோட்டில என்ன வரப்போகுது" என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் நான் சொல்வேன்.

வாக்கைப் போடாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை யாழ்ப்பாணம் இரண்டு தரம் பார்த்துவிட்டது. சர்வசன வாக்குரிமை வந்த 1931இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் அழைப்பை ஏற்றுத் தேர்தலைப் பகிஷ்கரித்ததில், வடக்கின் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. 2005 ஜனாதிபதித் தேர்தலில் யாழ் மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். நாடு முழுவதிலும் வெற்றி தோல்வியைத் தீர்மானித்த வித்தியாசம் 180,000 சொச்சம் வாக்குகள். அதற்குப் பிறகு வந்த யுத்த வருஷங்களை இங்குள்ளவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பெயரை இங்கே மாற்றத் தயங்குகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பாடசாலையில் முதலாம் ஆண்டு அனுமதிக்கு இடாப்புப் பிரதி கேட்பார்கள், அதுவும் பல வருஷத்துப் பதிவு கேட்பார்கள். புத்தளத்தில் பிள்ளையைச் சேர்க்க இருக்கும் தாய் அங்கிருக்கும் பெயரை எப்படி வெட்டுவாள்? இடம்பெயர்ந்தவர்கள் சொந்த ஊர் இடாப்பில் பதிய 2013ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் விசேட ஏற்பாடு ஒன்றைச் செய்தது. அப்போதும் பல குடும்பங்கள் இதே கணக்கைத்தான் போட்டுப் பார்த்தன. நான் சொல்வது இதுதான்: குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள். ஒருவருக்கு ஓரிடத்தில்தான் பதிவு. உண்மையில் எங்கே வசிக்கிறீர்களோ அங்கே பதியுங்கள். இங்கே நிரந்தரமாக வந்துவிட்டவர் இங்கே பதியாமல் இருப்பதற்குக் காரணமே இல்லை.

விதானையார் (கிராம அலுவலர்) கொண்டுவரும் பதிவுப் படிவத்தை வீட்டு ஆம்பிளை மட்டும் நிரப்பிக் கொடுக்கிற வழக்கத்தால் வரும் கோளாறு பெரியது. ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கம் ஒரு வீட்டில் ராத்தா ஒருவர் படிவத்தின் நகலை எடுத்துக் காட்டினார். பிள்ளைகள் நாலு பேரின் பெயர்களும் அழகான கையெழுத்தில் இருந்தன. கலியாணம் முடித்து வந்து மூன்று வருஷமான மருமகளின் பெயர் மட்டும் இல்லை. அந்தப் பிள்ளையின் பெயர் தாய் வீட்டு இடாப்பிலும் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. ஆரும் வேண்டுமென்று செய்யவில்லை, ஒருவரும் நினைக்கவில்லை, அவ்வளவுதான். அதனால் படிவத்தைக் கொடுக்குமுன் வீட்டில் சத்தமாக வாசியுங்கள். அடையாள அட்டையில் உள்ள எழுத்தும் இலக்கமும் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். முஹம்மது, முகம்மது, மொஹமட் என்று மூன்று விதமாக எழுதினால் பிறகு அலையப்போவது நீங்கள்தான்.

பதிவுக்குக் கணக்கில் எடுக்கும் நாள் பெப்ரவரி 1. 2021இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அந்தத் திகதிக்குப் பின் 18 வயதாகிறவர்களையும் குறைநிரப்பு இடாப்பில் சேர்க்கிறார்கள். ஆகவே உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் அடுத்த வருஷம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பெயர் விழுந்ததா என்று தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்துப் பார்க்கலாம். கைபேசி பழகாத உம்மா, வாப்பாவுக்குப் பிள்ளைகள் பார்த்துக் கொடுங்கள்.

உள்ளூராட்சித் தேர்தலை நான் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2018 முதல் 60 வீத உறுப்பினர்கள் வட்டாரத்திலிருந்து நேரே தெரிவாகிறார்கள். ஒரு வட்டாரம் சில நூறு வாக்குகளில் கை மாறும். எங்கள் தெரு வாய்க்காலும் விளக்கும் குப்பையும் அந்த மாநகர சபைக் கதிரையில்தான் பேசப்படுகின்றன. பாராளுமன்றத்திலும் பதிவின் தொகைக்கு மதிப்புண்டு: 2010இல் யாழ் மாவட்டத்துக்கு 9 ஆசனங்கள், 2015இல் 7, 2024இல் 6. இடாப்பில் பெயர்கள் குறையக் குறைய, தமிழர் முஸ்லிம் என்று பாராமல் எல்லாருடைய குரலும் குறைகிறது.

மார்க்கத்தில் வாக்களிப்புக்கு இடமில்லை என்று ஒரு தம்பி வாதாடினார். கலந்தாலோசனையின் பெயரிலேயே குர்ஆனில் ஒரு சூறா, அஷ்-ஷூறா, இருக்கிறதே என்றேன். அதற்குமேல் விளக்க நான் மௌலவி இல்லை. பள்ளியில் கேட்டுத் தெளியும்படி சொன்னேன்.

முகத்திரை போடும் சகோதரிகளுக்கு ஒன்று: வாக்களிப்பு நிலையத்தில் அடையாளம் பார்க்க முகத்தைக் காட்டத்தான் வேண்டும். அந்தத் தயக்கத்தால் வீட்டில் நின்றுவிடாதீர்கள். பெண் அலுவலர் இருந்தால் அவரிடம் காட்டக் கேளுங்கள். அடையாள அட்டை தொலைந்திருந்தால், தேர்தலுக்கு முன்பே விதானையாரிடம் போய்த் தற்காலிக அட்டைக்கு எழுதிக் கொடுங்கள்.

மாகாண சபைத் தேர்தல் 2013 செப்டெம்பருக்குப் பிறகு வடக்கில் நடக்கவில்லை. அறிவித்த பிறகு பதியலாம் என்று இருக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள்: தேர்தல் அறிவித்தால், அதற்கு முன்பே உறுதிப்படுத்திய இடாப்பைத்தான் பாவிப்பார்கள். இந்த வருஷத்து வரைவு இடாப்பு கிராம அலுவலர் அலுவலகத்துக்கு வரும்போது போய்ப் பாருங்கள். உங்கள் பெயரோடு பக்கத்து வீட்டாரின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உரிமைக் கோரிக்கை கொடுக்க அப்போது நாள் இருக்கும்.