இதயக் குழாயில் ஆறாத அழற்சி

மாணவர்களே, முழங்கால் சிராய்த்தால் அவ்விடம் சிவந்து வீங்கும். அதுதான் அழற்சி; புண் ஆறியதும் அடங்கிவிடும். இதயத்தின் இரத்தக் குழாய்ச் சுவரில் எல்டிஎல் கொழுப்பு புகுந்தால், வெள்ளணுக்கள் அதை விழுங்கி அங்கேயே படிவாகத் தேங்குகின்றன. இந்த அழற்சி எளிதில் அடங்காது. படிவின் மூடி மெலிந்து கிழிந்தால் இரத்தம் உறைந்து குழாயை அடைக்கும்; மாரடைப்பு வரும். 2017-இல் வெளியான கேன்டோஸ் ஆய்வில், எல்டிஎல்லைக் குறைக்காமல் அழற்சியை மட்டும் தணித்த மருந்து மாரடைப்பைக் குறைத்தது.

தோட்டத்தில் நம் தாத்தா பாட்டியும் இனிப்புத் தேநீர் குடித்தவர்கள்தாம். ஆனால் விடியுமுன் எழுந்து மரம் மரமாகப் பால் வெட்டினார்கள். ஈப்போவில் நாமோ தே தாரிக்கும் ரொட்டி சானாயும் முடித்து நாற்காலியில் அமர்கிறோம். மிஞ்சுவது வயிற்றுக் கொழுப்பாகி, அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கிறது.

52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசிய நாடுகளில் முதல் மாரடைப்பு வந்தோரின் சராசரி வயது 53. மற்ற நாடுகளில் ஏறத்தாழ 59. உங்கள் அப்பாவின் வயது என்ன? இன்றிரவு வீட்டில் கெம்போங் மீன் குழம்பு என்றால் நல்லது: அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்பிலிருந்து உடல் அழற்சியை அடக்கும் சில பொருள்களைச் செய்துகொள்கிறது.